வீடு இருக்கு, உங்களுக்கு இல்ல

பிளேஸ்மென்ட் சீசன் முடிஞ்சதும் சீனியர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல வர்ற முதல் கேள்வி சம்பளத்தைப் பத்தி இருக்காது. "சோழிங்கநல்லூர் பக்கம் யாராவது ரூம் பார்த்து வெச்சிருக்கீங்களா?", "எலெக்ட்ரானிக் சிட்டில ஷேரிங் எவ்வளவு ஆகும்?", "புரோக்கர் இல்லாம வீடு கிடைக்குமா?" இப்படித்தான் இருக்கும். வேலை வாங்குறது ஒரு பரீட்சைன்னா, அந்த வேலைக்குப் போய்ட்டு வர ஒரு வீடு பிடிக்கிறது இன்னொரு பரீட்சை. அதுக்கு சிலபஸ் கிடையாது.

நீங்க ஃபைனல் இயர்னா இது சீக்கிரமே தெரிஞ்சுடும். டூலெட் போர்டைப் பார்த்து போன் பண்ணுவீங்க. "பேச்சிலரா? தர்றதில்லப்பா." அடுத்த வீடு. "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" அடுத்த வீடு. "சொந்த ஊர் எது தம்பி? அங்க எந்தத் தெரு?" ஊரைக் கேட்கிற மாதிரி சாதியைக் கேட்பாங்க. நாலாவது வீட்டுக்குப் பேசும்போது நம்ம குரல்லயே ஒரு கெஞ்சல் வந்துடும். மாசாமாசம் காசு கொடுத்துத்தான் இருக்கப் போறோம், ஓசியில இல்ல. ஆனாலும் கெஞ்சுவோம்.

பேச்சிலர்ங்கிற தடைக்கு ஒரு முடிவு உண்டு. நாலஞ்சு வருஷத்துல கல்யாணம் ஆனா நாமளும் "ஃபேமிலி" ஆயிடுவோம். ஆனா வாழ்நாள் முழுக்க அந்த "இல்ல"யைக் கேட்டுக்கிட்டே இருக்கிறவங்க இருக்காங்க. ஒரு திருநங்கையோ திருநம்பியோ வீடு தேடினா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. போன்ல "வாங்க, வீடு காலியாத்தான் இருக்கு"ன்னு சொன்ன ஓனர், நேர்ல பார்த்ததும் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்"னு சொல்வார். மறுநாளும் அந்த போர்டு அதே கேட்ல தொங்கும். தப்பித்தவறி வீடு கிடைச்சாலும் வாடகை கூடுதலா இருக்கும், அக்ரிமென்ட் இருக்காது. அக்ரிமென்ட் இல்லேன்னா முகவரிச் சான்று இல்ல. முகவரிச் சான்று இல்லேன்னா கேஸ் கனெக்‌ஷன்ல இருந்து பேங்க் லோன் வரைக்கும் எல்லாமே இழுபறி.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பாலின அடையாளத்தைக் காரணம் காட்டி வாடகை வீட்டை மறுக்கக் கூடாதுன்னு இந்தியாவுல ஏற்கெனவே சட்டம் இருக்கு. ஆனா மறுத்தவரைக் கேள்வி கேட்கிற வழி அந்தச் சட்டத்துல இல்ல. அந்த வழியைக் கேட்டு வாங்கணும். அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறதை நாம செய்யணும்.

வேலை கொடுத்தாச்சு, வீடு?

"முதல்ல படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், அப்புறம் எல்லாம் தானா சரியாயிடும்"னு நம்மில் நிறைய பேர் நம்புறோம். கேரளாவுல நடந்ததைப் பாருங்க.

2017 ஜூன்ல கொச்சி மெட்ரோ ஓட ஆரம்பிச்சுது. டிக்கெட் கவுன்ட்டர், ஹவுஸ்கீப்பிங்னு 20-க்கும் மேற்பட்ட திருநர்களை வேலைக்கு எடுத்தாங்க. நாடு முழுக்கப் பாராட்டு. பத்திரிகைகள்ல போட்டோ, டிவியில பேட்டி. ஆனா ரயில் ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே, அவங்கள்ல 8 பேர் வேலையை விட்டுட்டாங்கன்னு செய்தி வந்தது. முக்கியமா அவங்க சொன்ன காரணம், தங்க இடம் கிடைக்கலைங்கிறதுதான். கொச்சியில யாரும் வாடகைக்கு வீடு தரலை. ஒருத்தர் நாளைக்கு 600 ரூபாய் கொடுத்து லாட்ஜ்ல தங்கி வேலைக்குப் போயிட்டு இருந்ததாகவும் செய்தியில வந்தது. 600-ஐ 30-ஆல் பெருக்குங்க, மாசம் 18,000 ரூபாய். டிக்கெட் கவுன்ட்டர் சம்பளத்துல இது எப்படிக் கட்டுப்படியாகும்?

வேலை கொடுத்த நிறுவனம் நல்ல மனசோட கொடுத்தது. வேலைக்கு வந்தவங்களும் விரும்பித்தான் வந்தாங்க. நடுவுல நின்னது ஒரு வாடகை வீடு. அதனாலதான் வீட்டை "அப்புறம் பார்த்துக்கலாம்" பட்டியல்ல சேர்க்க முடியாது. படிப்பு, வேலை, மருத்துவம், ஓட்டு எல்லாமே ஒரு முகவரியில இருந்துதான் தொடங்குது.

நம்ம துறைக்கும் இதுல பங்கு இருக்கு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை கிரேஸ் பானு. எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர். இன்னைக்கு இடஒதுக்கீட்டுக்காகப் போராடுற முக்கியமான குரல்கள்ல ஒருத்தர். அவருக்குப் பின்னாடி இன்னும் பலர் இந்த வழியில வரணும்னுதானே நாம எல்லாரும் சொல்றோம்? வந்து, படிச்சு, ஆஃபர் லெட்டரும் வாங்கின பிறகு அவங்க எங்க தங்குவாங்க?

சட்டத்துல என்ன இருக்கு?

2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பு சொன்னது. பாலினத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பு சொல்லும் இடங்களில் பாலின அடையாளமும் அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான பகுதி. அதன் பிறகு, 2019-ல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2020 ஜனவரி 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, "எந்த நபரும், எந்த நிறுவனமும்" திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற பொருளில் தொடங்குகிறது. அரசு அலுவலகம் மட்டும் இல்ல, எந்த நபரும். அதாவது நம்ம ஹவுஸ் ஓனரும் சேர்த்தி. படிப்பு, வேலை, மருத்துவம்னு வரிசையா போகிற அந்தப் பட்டியலில் வீடும் இருக்கு: ஒரு சொத்தில் குடியிருக்க, அதை வாங்க, வாடகைக்கு எடுக்க உள்ள உரிமையை மறுப்பதும், பாதியில் பறிப்பதும், அதில் நியாயமில்லாமல் நடத்துவதும் கூடாது.

படிச்சா சந்தோஷமா இருக்கு, இல்லையா? இப்ப தண்டனையைச் சொல்ற 18-ஆம் பிரிவுக்குப் போங்க. சட்டம் நிறைவேறியபோது இருந்த வடிவத்தில், அது நாலு விஷயங்களைக் குற்றம் என்கிறது. கொத்தடிமை வேலை வாங்குவது, பொது இடங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறும்படி கட்டாயப்படுத்துவது, உடலாலோ மனத்தாலோ பொருளாதார ரீதியாகவோ கொடுமை செய்வது. தண்டனை 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, கூடவே அபராதம்.

கவனிச்சீங்களா? குடியிருக்கிறவரை வெளியே தள்ளினா குற்றம். முதல்லயே உள்ளே விடாம கதவைச் சாத்தினா? அதுக்கு இந்தப் பட்டியல்ல தனியா இடம் இல்ல. "இதுவும் பொருளாதாரக் கொடுமைதான்"னு ஒரு வக்கீல் வாதாடிப் பார்க்கலாம். ஆனா 10,000 ரூபாய் வாடகை வீட்டுக்காகக் கோர்ட் படி ஏறி, வருஷக்கணக்குல நடந்து, அதுவரைக்கும் எங்கே தங்குறது?

சரி, புகாராவது கொடுக்கலாமா? 11-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்கணும். கம்பெனிக்கு இது பொருந்தும், காலேஜுக்குப் பொருந்தும். ஆனா மாடி போர்ஷனை வாடகைக்கு விடுற தனி மனிதர் ஒரு "நிறுவனம்" கிடையாது. அவர்கிட்ட புகார் அலுவலர் இருக்க மாட்டார். டெல்லியில ஒரு தேசிய கவுன்சில் இருக்கு, குறைகளைத் தீர்க்கிறதும் அதன் வேலைகள்ல ஒண்ணு. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்புப் பிரிவு அமைக்கணும்னு 2020 விதிகள் மாநிலங்களுக்குச் சொல்லுது, ஆனா அதுவும் குற்றங்களைக் கண்காணிக்கத்தான். மேடவாக்கத்துல சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீடு மறுக்கப்பட்டா, திங்கட்கிழமை காலையில போய் நிற்க ஒரு கவுன்ட்டர் இல்ல.

நம்ம பாஷையில சொன்னா, வயரிங் முடிஞ்சிருக்கு, பல்பும் மாட்டியாச்சு, சுவிட்ச்தான் வைக்கலை.

அரசியலமைப்புச் சட்டத்துலயும் இந்த இடத்துல ஒரு இடைவெளி இருக்கு. 15(2) பிரிவு கடை, உணவகம், ஹோட்டல், பொதுக் கிணறு, சாலை இங்கெல்லாம் பாகுபாடு கூடாதுன்னு பேர் சொல்லிச் சொல்லுது. வாடகை வீட்டை அப்படிப் பேர் சொல்லிக் குறிப்பிடலை. ஒரு ராத்திரி தங்குற லாட்ஜுக்கு இருக்கிற தெளிவு, பதினொரு மாசம் தங்குற வீட்டுக்கு இல்ல.

தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தையும் பார்த்துடலாம். 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியச் சொல்லுது. காலி பண்ணச் சொல்றதுக்கு என்னென்ன காரணங்கள் செல்லும்னு வரையறுக்குது. வாடகை தகராறுல தண்ணியையும் கரண்ட்டையும் நிறுத்துறதைத் தடுக்குது. நல்ல விஷயம். ஆனா இது எல்லாமே வீட்டுக்குள்ள போனவங்களுக்கான பாதுகாப்பு. வாசல்ல நிற்கிறவங்களுக்கு இதுல எதுவும் இல்ல.

அரசு வீடு கட்டிக் கொடுத்தா போதாதா?

கேட்கத் தோணும். தமிழ்நாடு இந்த விஷயத்துல பின்தங்கின மாநிலம் இல்ல. 2008-லேயே, இந்தியாவில் முதல் முறையாக, திருநங்கைகளுக்குன்னு நல வாரியம் அமைச்ச மாநிலம் இது. கோவில்பட்டி பக்கத்துல மந்தித்தோப்பில் திருநங்கைகளுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்தாங்க. அங்கேயே அவங்க ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கமும் தொடங்கினாங்க. சொந்த வீடு, சொந்தத் தொழில். இதைக் குறைச்சுப் பேசவே கூடாது.

ஆனா ஒரு குடியிருப்பு எல்லாருக்கும் தீர்வாகாது. சிறுசேரியில வேலை கிடைச்ச பொண்ணுக்கு சிறுசேரி பக்கத்துலதான் வீடு வேணும். தனியா ஒரு காலனி கட்டி "உங்க இடம் அது"ன்னு சொல்றதுக்கும், "எந்தத் தெருவுலயும் உங்களுக்கு இடம் உண்டு"ன்னு சொல்றதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. ஊருக்கு வெளியே தனி இடம்ங்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. அதோட அர்த்தம் என்னன்னு உங்களுக்கே தெரியும்.

2019 சட்டத்தின் 12-ஆம் பிரிவுலயும் இதே சிக்கல் இருக்கு. பெற்றோர் வீட்டில் வசிக்க திருநருக்கு உரிமை உண்டு என்கிறது. குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால், நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும் என்கிறது. ஒண்ணு அப்பா அம்மா வீடு, இல்லேன்னா மையம். 24 வயசுல வேலைக்குப் போற ஒருத்தர் தனியா ஒரு வீடு எடுத்து, சமைச்சு, துணி காயப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை தூங்குற சாதாரண வாழ்க்கை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ தொலைஞ்சு போச்சு.

அமெரிக்காவுக்கு இருபது வருஷம் ஆச்சு

நம்ம பேட்ச்ல எம்.எஸ். போறவங்க நிறைய பேர் அங்கே லீஸ்ல கையெழுத்துப் போடும்போது "ஃபேர் ஹவுசிங்"னு ஒரு வார்த்தையைப் பார்ப்பீங்க. அதோட கதை நமக்கு உதவும். அந்த நாடு ரொம்ப நல்ல நாடுங்கிறதுக்காகச் சொல்லலை. நாம இப்ப மாட்டியிருக்கிற அதே இடத்துல அவங்களும் மாட்டினாங்க.

மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. ஒரே வாரத்துல, ஏப்ரல் 11-ம் தேதி, அமெரிக்காவில் ஃபேர் ஹவுசிங் சட்டம் வந்தது. இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது. 1974-ல் பால் வேறுபாட்டையும் சேர்த்தாங்க. ஆனா அந்தச் சட்டப்படி புகார் வந்தா, வீட்டு வசதித் துறையால ரெண்டு தரப்பையும் உட்கார வெச்சு சமாதானம் பேச மட்டும்தான் முடிஞ்சது. ஓனர் "முடியாது"ன்னா, துறை அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. ஒரு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், துறையே விசாரிக்கும், விசாரணை நீதிபதி நஷ்ட ஈடும் அபராதமும் விதிக்கலாம். இருபது வருஷம் கழிச்சுத்தான் அந்தச் சட்டத்துக்குப் பல்லு முளைச்சது.

நிரூபிக்கிறது எப்படிங்கிற கேள்விக்கும் அங்கே ஒரு விடை இருக்கு. அது நமக்குப் பழக்கமான விடைதான். ஒரே சம்பளம், ஒரே வயசு, ஒரே மாதிரி வேலை உள்ள ரெண்டு பேரை ஒரே வீட்டுக்கு அனுப்புறது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. ஒருத்தருக்கு "காலி இல்ல", இன்னொருத்தருக்கு "எப்ப வர்றீங்க?"ன்னா, காரணம் என்னன்னு தெரிஞ்சுடும். லேப்ல ஒரு வேரியபிளை மட்டும் மாத்தி ரீடிங் எடுக்கிறோமே, அதேதான். இப்படிச் சோதிக்கப் போனவர்களும் வழக்குப் போடலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் ஏத்துக்கிச்சு. இந்தியாவுலயும் இந்த முறையில ஆய்வு நடந்திருக்கு. சுகதேவ் தோரட்டும் மற்ற ஆய்வாளர்களும் டெல்லியிலும் சுத்துப்பட்ட நகரங்களிலும் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதை இப்படித்தான் காட்டியது.

பாலின அடையாளத்துக்கு வருவோம். 2017-ல் கொலராடோ மாநிலத்துல ஒரு வழக்கு. ஒரு திருநங்கை, அவரோட துணைவி, குழந்தைகள். ஓனர் வீடு தர மறுத்தார். ஊருக்குள்ள நாங்க யார் கண்ணுலயும் படாம இருக்கோம், நீங்க வந்தா பேச்சு வரும்ங்கிற மாதிரி ஒரு காரணம். நம்ம ஊர் "அக்கம்பக்கத்துல என்ன சொல்வாங்க"தான், மொழி மட்டும் வேற. 1968 சட்டத்தை ஓனர் மீறியிருக்கார்னு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2020-ல் வேலை தொடர்பான ஒரு வழக்குல, பால் வேறுபாடு பார்க்கக் கூடாதுன்னா அதுல பாலின அடையாளமும் அடங்கும்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வெச்சு 2021-ல் அரசு, வீட்டுக்கும் இதே விளக்கம்தான்னு அறிவிச்சது.

அப்புறம் ஆட்சி மாறுச்சு. அரசு நிதி வாங்குற தங்குமிடங்கள்ல பாலின அடையாளத்தை மதிக்கச் சொன்ன 2016 விதியை அமல்படுத்துறதை நிறுத்துறதா, 2025 பிப்ரவரியில் புது அமைச்சர் அறிவிச்சார். அறிவிப்பால வந்தது அறிவிப்பால போச்சு. ஆனா 1993-லேயே தன் மாநிலச் சட்டத்துல இதை எழுதி வெச்ச மினசோட்டா மாதிரி மாநிலங்கள்ல, அந்தச் சட்டம் டெல்லி மாதிரி ஒரு தலைநகரத்து உத்தரவை நம்பி நிற்கலை.

இதுல இருந்து நமக்கு ரெண்டு பாடம். பல்லு இல்லாத சட்டம் இருபது வருஷம் வீணாக்கும். சுற்றறிக்கையில் மட்டும் இருக்கிற உரிமை அடுத்த சுற்றறிக்கை வரைக்கும்தான்.

"என் வீடு, என் இஷ்டம்"

இதை வீட்ல பேசிப் பாருங்க. முதல் பதில் இதுவாத்தான் இருக்கும். இதைச் சிரிச்சுத் தள்ள நான் தயாரா இல்ல. நம்ம அப்பா அம்மால பல பேர், முப்பது வருஷம் சேர்த்து வெச்ச காசுல மாடியில ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில நம்ம செமஸ்டர் ஃபீஸ் கட்டினவங்க. யார்கிட்ட சாவியைக் கொடுக்கிறோம்ங்கிற பயம் அவங்களுக்கு இருக்கத்தான் செய்யும்.

ஆனா அந்தப் பயம் எதைப் பத்தினது? வாடகை வராதுன்னா, சம்பளச் சீட்டைக் கேளுங்க. வீட்டைப் பாழாக்குவாங்கன்னா, அட்வான்ஸ் வாங்குங்க. சட்டவிரோதமா ஏதாவது நடக்கும்னா, கூடாதுன்னு அக்ரிமென்ட்ல எழுதுங்க, மீறினா காலி பண்ணச் சொல்லுங்க. இதெல்லாம் எந்த வாடகைதாரருக்கும் பொருந்துற கேள்விகள். ஒருத்தர் என்ன செய்றார்னு பார்த்து முடிவெடுக்கிறது ஓனரோட உரிமை. ஒருத்தர் யாருன்னு பார்த்தே கதவைச் சாத்துறது அந்த உரிமையில சேராது. வாடகைக்கு விடுறது வீட்டு விஷயம் மட்டும் இல்ல, அது ஒரு வருமானம், ஒரு வியாபாரம். கடை வெச்சவர் "உனக்குச் சாமான் தர மாட்டேன்"னு சொல்லக் கூடாதுன்னு நாம ஒத்துக்கிட்டு ரொம்ப வருஷம் ஆச்சு.

அமெரிக்கச் சட்டம் இங்கே ஒரு சலுகை வெச்சிருக்கு. நாலு வீடு வரைக்கும் உள்ள கட்டடத்துல ஓனரும் குடியிருந்தா, சட்டத்தின் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாது. அப்பவும் "இன்னாருக்குத் தர மாட்டோம்"னு விளம்பரம் போடக் கூடாது. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல கீழ ஓனர், மேல வாடகைங்கிறதுதானே பெரும்பாலான வீடு? அதே சலுகையை இங்கே அப்படியே எடுத்து வெச்சா, சட்டத்துல மிச்சம் எதுவும் இருக்காது. நம்ம சட்டத்தை நம்ம தெருவைப் பார்த்துத்தான் எழுதணும்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா, பக்கத்து வீட்டுக்காரங்கதான்..."னு இன்னொரு பதில் வரும். இதுல உண்மை இருக்கு. தனியா ஒரு ஓனர் துணிஞ்சு வீடு கொடுத்தா, அசோசியேஷன் மீட்டிங்ல அவரைத்தான் பிடிச்சு உலுக்குவாங்க. அதனாலதான் சட்டம் தெளிவா இருக்கணும்னு சொல்றேன். "கொடுக்கலைன்னா என் மேல கேஸ் ஆகும்"னு சொல்ல முடிஞ்சா, நல்ல மனசு உள்ள ஓனருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

என்ன மாறணும்?

பெருசா ஒண்ணும் இல்ல, மூணு விஷயம்.

ஒண்ணு, 3-ஆம் பிரிவு தடுக்கிற வீட்டு மறுப்புக்குச் சட்டத்துலயே ஒரு விளைவு எழுதணும். ஜெயில்தான் வேணும்னு நான் சொல்லலை. நஷ்ட ஈடும் அபராதமும் போதும். ஜெயில்னா போலீஸ் வேணும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதே பல திருநர்களுக்குப் பயம்.

ரெண்டு, மாவட்ட அளவுல ஒரு புகார் இடம். வாடகைச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே வாடகை அதிகாரிகள் இருக்காங்க. வாசல்லயே மறுக்கப்பட்டவங்க புகாரையும் அவங்களே வாங்கி, இத்தனை நாளைக்குள்ள முடிக்கணும்னு மாநில அரசு திருத்தம் கொண்டுவரலாம். புதுசா ஒரு ஆபீஸ் கட்ட வேண்டியதில்ல.

மூணு, விளம்பரம். வீடு தேடுற ஆப்லயும் புரோக்கர் மெசேஜ்லயும் ஆளை வடிகட்டுற வரிகளை எடுக்கச் சொல்லணும். ஆப் நடத்துறது கம்பெனி. 2019 சட்டப்படி அது "நிறுவனம்". அதுக்குப் புகார் அலுவலர் கட்டாயம். தொடங்குறதுக்கு இது சுலபமான இடம்.

நம்ம கையில என்ன இருக்கு?

சட்டம் மாறுறது நம்ம கையில உடனே இல்ல. ஆனா இந்த இதழைப் படிக்கிற நாம வெறும் பார்வையாளர்கள் கிடையாது. வீடு தேடப் போறவங்களும் நாமதான், வீடு வெச்சிருக்கிறவங்க பிள்ளைங்களும் நாமதான்.

முதல்ல நம்ம கேம்பஸ். நம்ம நோட்டீஸ் போர்டுல ராகிங் தடுப்புக் கமிட்டி நம்பர் இருக்கு. 2019 சட்டப்படியான புகார் அலுவலர் பேரு இருக்கான்னு போய்ப் பாருங்க. கல்லூரியும் ஒரு நிறுவனம்தான். புகார் வந்தா அந்த அலுவலர் 15 நாளைக்குள்ள விசாரிக்கணும்னு 2020 விதிகள் சொல்லுது. பேரு இல்லேன்னா, ஸ்டூடன்ட் கவுன்சில் மூலமா ஒரு மனு கொடுங்க. சண்டை போட வேண்டாம், கேட்டாலே போதும்.

அடுத்து ஹாஸ்டல். உயர்கல்வி படிக்கிற திருநர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏற்கும்னு 2024-25 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. ஃபீஸ் அரசு கட்டிடும். ரூம்? பாய்ஸ் ஹாஸ்டல், கேர்ள்ஸ் ஹாஸ்டல் ரெண்டுதானே இருக்கு. அடுத்த ஜூலையில கவுன்சலிங் முடிச்சு ஒரு திருநங்கை மாணவி பெட்டியோட வந்து நின்னா, வார்டன் என்ன பதில் வெச்சிருக்கார்? வந்த பிறகு யோசிக்கிறதைவிட இப்பவே ரெண்டு ஒற்றை அறைகளை ஒதுக்கி வைக்கலாம். அறை கொடுக்கிறதுக்கு முன்னாடி, "உங்களுக்கு எங்கே பாதுகாப்பா இருக்கும்?"னு அவங்களையே கேட்கணும்.

மூணாவது, வேலைக்குப் போன பிறகு. "ஒரு ஆள் குறையுது, யாராவது வர்றீங்களா?"னு ஃபிளாட்மேட் தேடி நாமளும் மெசேஜ் போடுவோம். அப்ப திருநம்பி ஒருத்தர் கேட்டா, "யோசிச்சு சொல்றேன் ப்ரோ"ன்னு சொல்லிட்டு புளூ டிக்கோட நிறுத்திடாதீங்க. வாடகையைப் பங்கு போடுவாரா, பாத்திரம் கழுவுவாரா? உங்க மத்த ரூம்மேட் கிட்ட கேட்கிற அதே ரெண்டு கேள்வி போதும். அக்ரிமென்ட்ல அவர் பேரும் இருக்கணும்னு ஓனர்கிட்ட சொல்லுங்க. அவருக்கு அந்தத் தாள் வெறும் தாள் இல்ல, முகவரி.

கடைசியா, உங்க வீட்டு மாடி. இந்த வார லீவுக்கு ஊருக்குப் போனா, சாப்பிடும்போது அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க: "மேல் போர்ஷனுக்கு ஒரு திருநங்கை வந்து கேட்டா கொடுப்பீங்களா?" முதல் தடவை "உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு திட்டு விழும். ரெண்டாவது தடவை "ஏன் கேட்கிற?"ன்னு கேட்பாங்க. அப்ப 3-ஆம் பிரிவைப் பத்திச் சொல்லுங்க. கொச்சி கதையையும் சொல்லுங்க. மூணாவது தடவை என்ன சொல்றாங்கன்னு அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. "முடியாது"ன்னு சொன்னாலும் பரவாயில்ல, காரணத்தோட எழுதுங்க. அந்தக் காரணங்களை வெச்சு மேற்கொண்டு பேசுவோம்.